உருட்டி எடுத்த பிசின்

தார்ப்பாய் தைக்கும் என் கடை வாசலில் ஒரு படகு கிடந்தது. காற்று முழுக்க இறங்கி, நனைந்த ஜமுக்காளத்தைப் போட்ட மாதிரி சுருங்கிக் கிடந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு தோசை அகலத்துக்குப் பழுப்பு நிறப் பிசின். நான் குத்தவைத்து உட்கார்ந்து அந்தப் பிசினைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஸ்டூலில் போன். போனுக்குள்ளிருந்து என் மனைவி ஜெயந்தி பேசினாள்.

“தண்ணி தொட்டிய மூடிட்டுங்க. இப்ப ஜன்னல் கம்பிக்கு வந்துட்டு.”

கடைக்கு முதல் தையல் மிஷின் வாங்கிய கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் பாதியில் நிறுத்தியிருந்தேன். அதைக் கேட்டு நாலு பேர் விசாரித்தார்கள். அது எங்கேயும் ஓடிவிடாது. இதை எழுத உட்கார்ந்த நேரம் வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் எனக்குத் தையல் மிஷின் ஞாபகம் வருவதில்லை, இந்தப் பிசின்தான் ஞாபகம் வருகிறது.

மோட்டார் ரூம் மேல்

இரண்டு மூன்று வருடம் இருக்கும். மார்கழி மாதம். எங்கள் பக்கத்தில் மழை வராது, வந்தால் இப்படித்தான் வரும். முந்தின ராத்திரி தொடங்கி விடவே இல்லை.

ஜெயந்தி கிராம சுகாதார நர்ஸ். குருவிகுளம் பக்கத்தில் சில ஊர்கள் அவள் பொறுப்பு. அன்றைக்குக் காலையில் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனாள். அங்கே மாரிச்செல்வி என்கிற பெண், பச்சைக் குழந்தையோடு தனியாக இருந்தாள். புருஷன் திருப்பூரில் வேலை. குழந்தைக்கு மஞ்சள் காமாலை குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள் இவள். “மழை விட்டதும் போயேன்” என்று நான் சொன்னேன். “மஞ்சக்காமாலைக்கு மழை தெரியுமா?” என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

அவள் உள்ளே இருக்கும்போதே மேலே ஒரு கண்மாய் உடைந்துவிட்டது. தரைப்பாலம் முழுகியது. முதலில் முற்றத்தில் தண்ணீர், அப்புறம் வீட்டுக்குள் தண்ணீர். இரண்டு பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பம்புசெட்டுத் தொட்டியின் சுவரில் கால் வைத்து மோட்டார் ரூம் மொட்டை மாடியில் ஏறிவிட்டார்கள். சுற்றிலும் வெள்ளம். குழந்தைக்கு மேலே என் கடையில் தைத்த மழைக்கோட்டு.

தீயணைப்புக்காரர்களுக்குத் தகவல் போயிருந்தது. அவர்கள் வேறு ஒரு பக்கம், தண்ணீரில் மாட்டிய பஸ்ஸில் இருந்தவர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள். அதற்குள் தண்ணீர் நிற்குமா ஏறுமா என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஊரில் படகு இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் ஜெயந்திதான். மாடியில் நின்றுகொண்டு போனிலேயே ஊரை விசாரித்திருக்கிறாள். அந்தப் படகில் காற்று நிற்கவில்லை என்றதும், “என் வீட்டுக்காரர் கடைக்குக் கொண்டு போங்க” என்று சொன்னதும் அவள்தான்.

ஆட்டுக்குத் தண்ணி காட்டிய படகு

படகுக்குச் சொந்தக்காரர் கருப்பசாமி. கண்மாய் மீன் குத்தகை எடுப்பவர். ஒரு நல்ல வருடத்தில் தூத்துக்குடிப் பக்கம் யாரிடமோ பழைய ரப்பர் போட்டை வாங்கி வந்தார். வலை வீச வசதி என்று நினைத்தார். அவர் வாங்கிய வருடம் கண்மாய்க்குத் தண்ணீரே வரவில்லை. அடுத்த வருடமும் இல்லை.

மிதக்க இடமில்லாத படகை என்ன செய்வது? கருவேல மரத்தடியில் போட்டு, காற்றடித்து, உள்ளே தண்ணீர் ஊற்றி ஆடுகளுக்குக் காட்டினார். நன்றாகத்தான் இருந்திருக்கிறது. ஊர் ஆடெல்லாம் அதில் வந்து குடித்தன. துடுப்புகளில் ஒன்று தொலைந்துவிட்டது. இன்னொன்றைத் துணி காயப்போடும் கொடிக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

கருவேல மரத்தடியில் முள் குத்தாமல் இருக்குமா? குத்தியது. கருப்பசாமி சைக்கிள் கடைக்காரரைக் கூட்டி வந்தார். அவர் லாரி ட்யூப்பில் ஒரு துண்டு வெட்டி, பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டார். அங்கேதான் தப்பு. ரப்பர் போட் என்பது பேர்தான். அதில் ரப்பர் கிடையாது. லாரிக்குப் போடும் தார்ப்பாய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் துணி. பஞ்சர் சொல்யூஷன் ரப்பரைத்தான் கடித்துப் பிடிக்கும். இதில் சும்மா மேலே படுத்துக் கிடக்கும். சித்திரை வெயிலில் பிசின் பாகாக இளகி, ஒட்டு நழுவும். மறுபடி அதன் மேலேயே சொல்யூஷன், மறுபடி ஒரு துண்டு. கண்மாய் வறண்டு கிடந்த வருடமெல்லாம் இந்தப் பூஜை நடந்திருக்கிறது.

அன்றைக்குக் காலையில் ஓடைக் கரையில் வைத்துக் காற்றடித்ததும் ஒட்டு பட்டென்று பறந்துவிட்டது. லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு, உடையாத ரோடு எது என்று தேடிச் சுற்றி, என் கடைக்கு வந்து சேர்ந்தார்.

“அண்ணாச்சி, மேல இன்னொரு துண்டு வச்சு ஒட்டிரும். சட்டுனு போயிருவோம்” என்றார்.

“எதுக்கு மேல வே ஒட்ட? இந்தப் பிசினுக்கு மேல எந்தப் பசையும் நிக்காது. இது முழுக்கப் போகணும். துணி தெரியணும்.”

“அதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் பிடிக்கவில்லை. “புடியும், அந்தப் பக்கத்த இழுத்துப் புடியும்” என்று கத்தினேன்.

ஆளுக்கொரு வைத்தியம்

மழைக்கு ஒதுங்கிய கூட்டம் கடைத் தாழ்வாரத்தில் நின்றது. நம் ஊரில் வைத்தியம் சொல்லாத வாய் உண்டா? ஒருவர் பெட்ரோல் ஊற்றச் சொன்னார். ஒருவர் பிளேடால் சுரண்டச் சொன்னார். மண்ணெண்ணெய் என்றது ஒரு குரல். கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர், தீயில் காட்டினால் உருகி ஓடிவிடும் என்று பஸ் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பெயிண்ட் கலக்கும் தின்னர் டின்னை எடுத்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் நிற்கும் முன் இறங்குகிறவன் நான். இலை போடும் முன் கை கழுவிவிட்டுப் பந்தியில் நிற்கிறவன். ஊற்றித் துடைத்தால் ஒரேயடியாக வேலை முடியும் என்று தோன்றியது. ஆனாலும் தொழில்காரன் கை சும்மா விடாது. படகின் ஓரத்தில், வேண்டாத ஒரு மடிப்பில் கொஞ்சம் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். பிசின் இளகியது. கூடவே துணியும் சுருங்கி, அதன் சிவப்புச் சாயம் நான் தேய்த்த கந்தலில் வந்துவிட்டது. பிசின் கிடந்த இடத்தில் துணி ஏற்கெனவே வெயிலில் நைந்திருந்தது. அங்கே ஊற்றியிருந்தால் ஒட்டுவதற்குத் துணியே மிஞ்சியிருக்காது.

டின்னை மூடி வைத்தேன். அப்போதுதான் போன் அடித்தது.

“என்ன செய்யுதீங்க?”

“பிசின் வர மாட்டேங்குட்டி. சவம், உயிர எடுக்குது.”

“பிய்க்கீங்களா?”

“பிய்க்காம?”

“பிய்க்காதீங்க. அன்னைக்கு முழங்கால்ல சொன்னேம்லா, அதே மாதிரிச் செய்யுங்க. பீரோ மேல என் பெட்டியில ஸ்பிரிட் இருக்கு. சார்ஜ் சிவப்புக்கு வந்துட்டு, வைக்கேன்.”

முழங்கால்

கல்யாணமான புதுசு. ராஜபாளையம் ரோட்டில் பைக்கோடு விழுந்து முழங்காலில் பெரிய கட்டு. கட்டைப் பிரிக்கிற நாளில் இவள் ஆஸ்பத்திரியிலிருந்து வரட்டும் என்று எனக்கு இருக்க முடியவில்லை. கட்டை ஒட்டியிருந்த பிளாஸ்டரின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். முடி வந்தது, முடியோடு தோலும் வந்தது. ஆறிய புண் மறுபடி திறந்துகொண்டது.

வந்து பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். மிச்சமிருந்த பிளாஸ்டரை அவளே எடுத்தாள். ஓரத்தை லேசாக நிமிண்டி, தோலோடு தோலாக மடித்து, ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு நகர்த்தினாள். தோலில் மிச்சம் நின்ற கறுப்புப் பிசினை விரலால் உருட்டினாள். அது சின்ன உருண்டையானது. அந்த உருண்டையை வைத்தே அடுத்த பிசினை ஒற்றி ஒற்றி எடுத்தாள். “பிசினுக்குப் பிசின்னா பிரியம். கூப்பிட்டா வந்துரும். பைய, மெதுவா கூப்பிடணும்” என்றாள். நான் கொட்டாவி விட்டேன். இன்னும் எவ்வளவு நேரம் என்று எத்தனையோ முறை கேட்டேன்.

தேய்த்தோம்

வீட்டுக்கு ஓடிப் போய் ஸ்பிரிட்டை எடுத்து வந்து, பஞ்சில் நனைத்துப் பிசின் மேல் வைத்தேன். மேல்பரப்பு கொஞ்சம் மங்கியது. கட்டைவிரலை அழுத்தி உருட்டினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு மிளகளவுக்கு உருண்டை வந்தது. அதை வைத்து உருட்டினேன், சுண்டைக்காய் அளவானது. அந்த இடத்தில் துணியின் சிவப்பு தெரிந்தது.

“வே கருப்பசாமி, விரலக் குடும்.”

அவர் ஒரு பக்கம் உட்கார்ந்தார். பக்கத்து இஸ்திரிக் கடை பேச்சிமுத்துவும் வந்து உட்கார்ந்தார். ஆட்டோ டிரைவர் நின்றபடியே குனிந்தார். ஓடுகளில் விழும் மழைச் சத்தமும், விரல் உரசும் சத்தமும்தான். கட்டைவிரல் எரிந்தது. பழைய ட்யூப் நாற்றமும் ஆட்டு நாற்றமும் ஸ்பிரிட்டும் சேர்ந்து குமட்டியது.

அந்த மெதுவுதான் என்னைக் கொன்றது. ஓட வேண்டும் போல இருக்கிற நேரத்தில் உட்கார்ந்து விரலை உருட்டச் சொன்னால்? நடுவில் ஒருதரம் பொறுக்காமல் ஒரு பட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். துணியின் மேல்தோல் கொஞ்சம் அதோடு கிளம்பியது. பேச்சிமுத்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “பைய அண்ணாச்சி” என்றார். நான் அவரை ஏதோ திட்டினேன். என்ன திட்டினேன் என்று ஞாபகமில்லை, அவரும் சொன்னதில்லை.

மறுபடி போன். குழந்தை அழும் சத்தம் கேட்டது.

“தண்ணி ஜன்னல மூடிட்டு. ஏங்க, பயப்படாதீங்க என்ன.”

அவள் என்னைத் தேற்றுகிறாள்! எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. “நீ ஓரத்துல நிக்காத, நடுவுல உக்காரு” என்று மட்டும் சொன்னேன். அதற்குள் அவள் போன் அணைந்துவிட்டது. அதற்கப்புறம் தண்ணீர் எதைத் தொட்டது என்று சொல்ல ஆள் இல்லை.

இஸ்திரிப் பெட்டி

கடைசியில் துணி தெரிந்தது. ஒரே ஒரு இடம் பாக்கி. படகைச் சுற்றிக் கயிறு ஓடும் வளையத்துக்கு அடியில், ஒரு விரல் அகலத்துக்குப் பிசின். வளையம் இடிக்கிறது, அங்கே கட்டைவிரல் நுழையவில்லை. சுண்டுவிரலால் பார்த்தேன், நகத்தால் பார்த்தேன். மசியவில்லை. வெளியே வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. விட்டுவிட்டேன்.

தார்ப்பாய் ஒட்டும் பசையைத் துணியிலும் புதுத் துண்டிலும் தடவினேன். காய வேண்டும், விரல் வைத்தால் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். அந்த ஈரக் காற்றில் அது எப்போது காயும்? கரண்டும் இல்லை, சூட்டுக் காற்று மிஷினும் ஓடாது. பேச்சிமுத்து எழுந்து போய்த் தன் கரி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வந்தார். அதைப் பசைக்கு மேலே படாமல் பிடித்து, முன்னும் பின்னும் ஆட்டினார். கங்குகள் சிவந்து சிவந்து அடங்கின. பசை காய்ந்ததும் துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சோடா பாட்டிலால் உருட்டினேன். மேலே வேட்டித் துணி போட்டு அவர் தேய்த்தார். கல்யாண வேட்டிக்குக்கூட அவர் அப்படித் தேய்த்து நான் பார்த்ததில்லை.

காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். எங்கும் குமிழி இல்லை. வளையத்துக்கு அடியில் மட்டும் ஒரு சின்னக் குமிழி வந்தது, உடைந்தது. கொஞ்சம் நேரம் கழித்து இன்னொன்று.

கருப்பசாமி என் முகத்தைப் பார்த்தார். மறுபடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆரம்பித்தால் இருட்டிவிடும்.

“போவோம்” என்றேன்.

கரையில்

அங்கே போனபோது தண்ணீர் மோட்டார் ரூம் சன்ஷேடைத் தொட்டிருந்தது. மாடியில் இரண்டு உருவங்கள். எது ஜெயந்தி என்று அவள் யூனிபார்ம் சேலையை வைத்துத்தான் தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. கருப்பசாமி துணிக்கொடிக்கு முட்டாக இருந்த துடுப்பை எடுத்துக்கொண்டு ஏறினார். படகின் பின்னால் கட்டிய வடத்தை ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். நானும் பிடித்தேன். என் கண் முழுக்க அந்தப் புதுத் துண்டின் மேல்தான்.

படகில் ஒரு தடவைக்கு அவரோடு இன்னும் ஒரு ஆள்தான் ஏறலாம். குழந்தையும் மாரிச்செல்வியும் முதலில் வந்தார்கள். அதுதான் நியாயம், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு ஜெயந்தி மேல் ஆத்திரமாக வந்தது. வேறு யார் மேல் ஆத்திரப்பட முடியும்?

மாரிச்செல்வியை இறக்கியதும் கருப்பசாமி குரலைத் தாழ்த்தினார். “அண்ணாச்சி, அந்த வளையத்துப் பக்கம் ஓரம் தூக்குது. காத்து போகுது.”

பம்பைக் கொண்டு வரச் சொல்லி மறுபடி காற்றை நிறைத்தோம். தூக்கிய ஓரத்தை நான் அமுக்கினேன். கையை எடுத்ததும் அது மறுபடி தூக்கியது. அடியில் கிடந்த அந்த ஒரு விரல் பிசின்.

“போயிட்டு வாரேன்” என்றார் அவர். நான் தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது பாதி வழியில் படகு ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. ஜெயந்தி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவில்லை. பக்கவாட்டில் கவிழ்ந்து கிடந்தாள். ஒரு கை வெளியே தண்ணீர்ப் பக்கம் தொங்கியது. தலை அசையவில்லை. பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மழையில் நின்றவள், மயங்கிவிட்டாள் என்று நினைத்தேன். “இழுங்க, இழுங்க” என்று நான் போட்ட கூச்சலில் என் தொண்டை கிழிந்தது. உள்ளங்கை வடத்தில் உரசித் தோல் போனது அப்புறம்தான் தெரிந்தது.

கரைக்கு வந்ததும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவள் தோளைப் பிடித்தேன். அவள் தலையைத் தூக்கினாள். முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

“கைய எடுக்கட்டுமா?” என்று கேட்டாள்.

அவள் உள்ளங்கை வளையத்துக்கு அடியில், தூக்கிய ஓரத்தின் மேல் அழுந்தியிருந்தது. ஏறியதுமே காற்றுப் போகும் சத்தத்தைக் கேட்டுவிட்டாளாம். கரை வரும்வரை அதை அமுக்கிக்கொண்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் அந்தக் கையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

அவள் கையை எடுத்தாள். உஸ்ஸென்று ஒரு சத்தம். படகு மெல்லப் படுத்துக்கொண்டது.

தேங்காய் எண்ணெய்

வீட்டுக்கு வந்தபோதும் கரண்ட் வரவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவள் கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க என் பசையும் பழைய பிசினும் கலந்து அப்பியிருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அந்தக் கையால்தான் ரசஞ்சோற்றைச் சாப்பிட வேண்டும் என்று சிரித்தாள். சிரித்தபோது பல் கிடுகிடுவென்று ஆடியது.

தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். எண்ணெயைத் தொட்டு, ஓரத்தை நிமிண்டி, தோலோடு தோலாக மடித்தேன். உருட்டினேன். சின்ன உருண்டை வந்தது. அந்த உருண்டையை வைத்து அடுத்ததை ஒற்றினேன்.

“என்னங்க, இவ்வளவு பைய?” என்றாள்.

ஒவ்வொரு விரலாக எடுத்தேன், விரல் இடுக்கெல்லாம் எடுத்தேன். மெழுகுவத்தி பாதி இறங்கியது. அவளுக்குக் கண் செருகியது.

“போதும், விடுங்க. எல்லாம் போயிட்டுல்லா?”

“இன்னும் கொஞ்சம் இருக்கு” என்றேன்.

அந்தக் கையில் ஒன்றும் இல்லை. எப்போதோ சுத்தமாகிவிட்டது. நான்தான் விடவில்லை.